ஐந்து மாதம் மறைந்திருந்த தாய்

(திருவருகைக் காலத் தொடக்கத்தில், உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. அன்பியக் கூட்டங்களில் வாசிக்க வசதியாக எழுத்து வடிவில் தருகிறோம்.)



திருவருகைக் காலம் என்பது காத்திருப்பின் காலம் என்று சொல்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், அது கருவுற்ற தாய்மாரின் காலம். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அரசர்களும் ஆளுநர்களும் பின்னால் வருகிறார்கள். முன்னால் நிற்பவர்கள் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் இரண்டு பெண்கள். ஒருவர் நாசரேத்து ஊர் மரியா. மற்றவர் யூதேயா மலைநாட்டு எலிசபெத்து.

மரியாவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இன்று எலிசபெத்தைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம். பல ஆண்டுகளாகப் பிள்ளை இல்லாத பெண் அவர். ஊரார் வாயில் விழுந்து எழுந்தவர். முதிர்ந்த வயதில் கருவுறுகிறார். அதன்பின் அவர் என்ன செய்தார் என்று லூக்கா ஒரு சிறு செய்தி சொல்கிறார். ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாமல் இருந்தார்.

ஏன் மறைந்திருந்தார்? மறைநூல் அறிஞர்கள் பல விளக்கங்கள் தருவார்கள். நன்றி செபத்தில் ஆழ்ந்திருந்தார் என்பார்கள் சிலர். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெண்களைக் கேட்டால் இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். எத்தனையோ ஆண்டுகள் பேச்சு வாங்கியவள், நல்லது நடந்த உடனே அதே மனிதர்கள் முன்னால் போய் நிற்பாளா? மகிழ்ச்சியான செய்தியைக்கூட மடியில் கட்டி மறைத்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறது ஊர்வாய்.

அன்புக்குரியவர்களே, டிசம்பர் முதல் நாளை 1988-ஆம் ஆண்டு முதல் உலகம் எய்ட்ஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள். அவர்களில் பலர் எலிசபெத்தைப் போல மறைந்தே வாழ்கிறார்கள். ஐந்து மாதம் அல்ல, ஐந்து ஆண்டு, பதினைந்து ஆண்டு. அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்து வைத்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து விழுங்கி. இப்போது அடுக்களையில் வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அவர்களில் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இந்த மறையுரை முதலில் அவருக்குத்தான்.

பிள்ளைப்பேறு, கர்ப்பப்பை, தாம்பத்தியம் ஆகியவற்றை மறையுரையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கருவறையைப் பற்றிப் பேசாமல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் எப்படித் தயாரிப்பது? இறைமகன் ஒரு பெண்ணின் வயிற்றில் ஒன்பது மாதம் இருந்தார் என்பதுதானே நம் விசுவாசம்.

கொஞ்சம் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986-ஆம் ஆண்டு. மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களும் அவரிடம் பயின்ற நிர்மலா அவர்களும் எடுத்த முயற்சியில், சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டன. அந்த மாதிரிகள் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களுடையவை. அன்றைக்கு நம் மக்கள் மனதில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: இது அந்த மாதிரிப் பெண்களுக்கு வருகிற நோய் என்று. அந்தப் பெண்களும் ஆண்டவரின் பிள்ளைகள் என்பதை அன்று மறந்தோம். அடுத்து நடந்ததைப் பார்க்கவும் மறுத்தோம். கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத குடும்பப் பெண்கள், கழுத்தில் தாலியோடும் கையில் குழந்தையோடும் மருத்துவமனை வாசலில் வந்து நின்றார்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா என்ற சகோதரி அப்படித் திருமணத்தின் வழியாகத் தொற்றைப் பெற்றவர். அவர் தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்தார். 1998-இல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துச் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் அன்று எழுப்பிய கேள்விகளில் இவையும் உண்டு: எங்களுக்கும் வாழ்க்கை உண்டா? எங்களுக்கும் பிள்ளை உண்டா?

இந்தக் கேள்விக்கு மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்ச்சியிலிருந்து மூன்று சிந்தனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் சிந்தனை: மரியா வாழ்த்தினார்.

மறைந்திருந்த பெண்ணைத் தேடி இன்னொரு பெண் மலையேறிப் போகிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம் வாழ்த்துவது. இந்த வயதில் எப்படி என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. முதலில் வாழ்த்து, பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆலோசனை என்ற சொல்லை நாம் அறிவுரை என்று புரிந்துகொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. அறிவுரை சொல்பவர் பேசுகிறார், எதிரில் இருப்பவர் கேட்கிறார். ஆலோசனையில் முதலில் எதிரில் இருப்பவர் பேசுகிறார், ஆலோசகர் கேட்கிறார். பிறகு உண்மையான தகவலைப் புரியும்படி எடுத்துச் சொல்கிறார். முடிவை அந்தப் பெண்ணின் மனச்சாட்சியிடமே ஒப்படைக்கிறார். நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக அமர்ந்து பேசுவார். சொன்னது வெளியே போகாது.

இது வெறும் கருணை அல்ல, சட்டம். 2017-இல் நம் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் யாருக்கும் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. தொற்றுள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் ஆலோசனை வழங்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவருடைய சம்மதமின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவைச் சிகிச்சையோ செய்யக் கூடாது. இந்தக் கடைசி வரியைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை பெண்களுக்கு என்னென்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது ஒரு பெண் பார்க்க வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சொல்லப் போவதில்லை. நான்கு மாதக் கர்ப்பிணி. பரிசோதனைக்குப் போன இடத்தில், உனக்கே இந்த நிலைமை, உனக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடா என்று பலர் காதுபடக் கேட்டுவிட்டார்கள். அதன்பின் அவர் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “சாமி, இந்தப் பிள்ளையைப் பெத்துக்கிறது பாவமா?”

யோசித்துப் பாருங்கள். கணவன் வழியாக நோய் வந்தது. பழி பெண் மேல் விழுந்தது. இப்போது வயிற்றில் இருக்கும் உயிரையே ஒரு பாவமாக நினைக்கும்படி ஆக்கிவிட்டார்கள். நான் அவரிடம் சொன்னது இதுதான்: “இல்லை அம்மா. பிள்ளை பாவமில்லை, ஆண்டவர் தந்த உயிர். அந்த உயிருக்காக நீங்கள் இன்றே மருந்து தொடங்க வேண்டும்.” நம் அருள்சகோதரி ஒருவர் மறுநாள் அவரோடு நம்பிக்கை மையத்துக்குப் பேருந்தில் போனார். பெரிதாக எதுவும் செய்யவில்லை. கூடப் போனார், கூட உட்கார்ந்திருந்தார், கூடத் திரும்பி வந்தார். அந்தப் பெண் மறுபடி மருத்துவமனை வாசலை மிதிக்க அது போதுமானதாக இருந்தது. மரியாவின் சந்திப்பு அன்றைக்கு ஒரு நகரப் பேருந்தில் நடந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இரண்டாம் சிந்தனை: குழந்தை துள்ளியது.

வாழ்த்தொலி காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியது. தாயின் மனம் குளிர்ந்தால் பிள்ளைக்கும் நலம். இதை மருத்துவமும் இன்று தன் மொழியில் சொல்கிறது. எனவே மருத்துவம் தரும் நற்செய்தியைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறியாமையால் பயந்து சாகிறவர்கள் நம் நடுவில் அதிகம்.

எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்று பெறலாம். கர்ப்ப காலத்தில், பிரசவத்தின்போது, அல்லது தாய்ப்பால் வழியாக அது கடக்கிறது. ஆனால் தாய் உரிய காலத்தில் கூட்டு மருந்து எடுத்து, குழந்தைக்கும் உரிய மருந்து கொடுத்தால், அந்த எண்ணிக்கை 5-க்கும் கீழே வந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவு நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் இன்னும் கீழே போகிறது.

2004 ஏப்ரல் முதல் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கிவருகிறது. முதலில் தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. முன்பெல்லாம் கர்ப்பிணிக்குப் பிரசவ வலி எடுக்கும்போது ஒரே ஒரு மாத்திரை கொடுப்பார்கள். இன்று தொற்று தெரிந்த நாளிலிருந்தே மருந்து தொடங்கி, பிரசவத்துக்குப் பின்னும் வாழ்நாள் முழுதும் தொடர்கிறார்கள். பிள்ளைக்கும் காப்பு, தாய்க்கும் காப்பு. பிள்ளை பிறந்ததும் தாயை மறந்துவிடும் மருத்துவம் அல்ல இது. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரைதான்.

குழந்தைக்குப் பிறந்த உடனே சொட்டு மருந்து தொடங்குவார்கள். குறைந்தது ஆறு வாரம், மருத்துவர் சொல்லும்வரை விடாமல் கொடுக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் குழந்தையின் குதிங்காலில் குத்திச் சில துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். பால் மறக்கும் காலத்திலும் அதன்பிறகும் சோதனை உண்டு. பதினெட்டாம் மாதச் சோதனையில்தான் உறுதியான முடிவு தெரியும். இதில் எந்தத் தேதியையும் தவற விடாதீர்கள்.

இனி பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. நம் வழக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைப்போம். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால். ஆசையாகத்தான் செய்கிறோம். ஆனால் தொற்றுள்ள தாய் தாய்ப்பால் கொடுக்க முடிவு செய்தால், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலும் கொடுத்து நடுநடுவே மாட்டுப்பாலும் மற்றதும் கொடுப்பது ஆபத்து. பிஞ்சுக் குடல் புண்ணாகி, கிருமி நுழைய வழி கிடைக்கும். எல்லாக் குழந்தைகளுக்குமே அரசு மருத்துவர்கள் சொல்வது இதுதான். ஆகவே உங்கள் மருமகள், “டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை” என்றால், அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

இன்னொரு வழக்கம்: தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு. வளைகாப்பு முடிந்து பிறந்தகம் போகிற பெண், அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்று மாத்திரையை விட்டுவிடுகிறார். சிலருக்குக் கையில் இருந்த மாத்திரை தீர்ந்துபோகிறது. பிள்ளைக்கு மிகவும் தேவையான மாதங்களில் மருந்து நின்றுவிடுகிறது. ஊர் மாறும் முன் ஆலோசகரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். போகிற ஊரின் மையத்திலேயே மருந்து பெற வழி செய்து தருவார்.

கர்ப்பம் ஆவதற்கு முன்பே ஆலோசகரிடம் போவது இன்னும் நல்லது. கிருமியின் அளவு என்ன, இரத்த சோகை உண்டா, காசநோய் அறிகுறி உண்டா என்றெல்லாம் பார்த்து, இப்போது கருத்தரிக்கலாமா, சற்றுக் காத்திருக்கலாமா என்று சொல்வார்கள். பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்களும் ஒன்றைக் கேளுங்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. தொடக்கத்தில் கண்டால் குணமாக்கக்கூடியது அது. 25 வயதிலிருந்தே குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். வெட்கப்பட்டு உயிரை விடாதீர்கள்.

இந்த இடத்தில் திருச்சபையின் போதனையையும் சொல்லியாக வேண்டும். கருவில் இருக்கும் உயிரை அழிப்பதைத் திருச்சபை ஒருபோதும் ஏற்பதில்லை. தொற்று இருக்கிறது என்பது அதற்குக் காரணமாகாது. ஆனால் அச்சத்தாலும் கட்டாயத்தாலும் அந்த முடிவுக்குத் தள்ளப்பட்ட பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கதவு திறந்தே இருக்கிறது. இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டு முடிந்தபோது, 2016-இல், திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிரந்தரமாக வழங்கினார். எந்தப் பங்கிலும், எந்த ஒப்புரவுத் தொட்டியிலும் நீங்கள் அமைதி பெறலாம்.

எத்தனை பிள்ளை, எப்போது என்பது பற்றித் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட ‘மனித உயிர்’ சுற்றுமடல் பொறுப்புள்ள பெற்றோராய் இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. உடல்நலம், மனநிலை, குடும்பச் சூழல் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, தகுந்த காரணம் இருந்தால் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடத் தம்பதியருக்கு உரிமை உண்டு என்கிறது. அதற்கு இயற்கையான வழிகளைக் காட்டுகிறது. செயற்கைக் கருத்தடைச் சாதனங்களை அது ஏற்பதில்லை. இது உங்களுக்குத் தெரியும், நானும் மறைத்துப் பேசவில்லை. நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் ஆணுறையைப் பற்றியும் சொல்வார். அது அவர் கடமை. திருச்சபையின் போதனையைச் சாக்காக வைத்து மையத்துக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். துணையின் உயிருக்குக் கேடு செய்யாதிருப்பதும் ஆண்டவரின் ஐந்தாம் கட்டளைதான். கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து மனம் குழம்பினால், இருவரும் சேர்ந்து வந்து உங்கள் ஆன்ம குருவிடம் பேசுங்கள். தெருவில் கேட்ட பேச்சை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

முன்பு தீராத முடிச்சாக இருந்தது இன்று பெருமளவு அவிழ்ந்திருக்கிறது. தொற்றுள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியாகத் துணைக்கு அது பரவுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. அந்த நிலையை அடைந்துவிட்டோமா என்பதை நாமாக முடிவு செய்ய முடியாது. இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான் சொல்ல வேண்டும். ஆகவே நாள்தோறும் விழுங்கும் அந்த ஒரு மாத்திரை உங்கள் கணவருக்கு, உங்கள் மனைவிக்கு நீங்கள் காட்டும் அன்பு. திருமண நாளில் பீடத்தின் முன் கொடுத்த வாக்கைக் காலை மாலை புதுப்பிப்பது போன்றது அது.

திருமணத்துக்குக் காத்திருக்கும் இளையோருக்கும் ஒன்று. நோய் எதுவும் திருச்சபைச் சட்டத்தில் திருமணத் தடை அல்ல. தொற்றுள்ளவர்களுக்கும் திருமணம் உண்டு. ஆனால் ஏமாற்று கூடாது. இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து, சம்மதம் பெறுவதற்காகவே ஒருவரை ஏமாற்றினால், அத்தகைய திருமணம் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1098-ஆம் பிரிவு. கோயிலில் ஓலை வாசிக்கும் முன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்மையைப் பேசிவிடுங்கள்.

மூன்றாம் சிந்தனை: மரியா மூன்று மாதம் தங்கினார்.

வாழ்த்திவிட்டு, புகழ்ப்பா பாடிவிட்டு மரியா அன்று மாலையே திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் அங்கேயே இருந்தார் என்கிறார் லூக்கா. மூன்று மாதம் என்ன செய்திருப்பார்? தண்ணீர் எடுத்திருப்பார், மாவு அரைத்திருப்பார், கால் வீங்கிய நாளில் எலிசபெத்தைக் கொஞ்சம் படுக்கச் சொல்லியிருப்பார். புனிதம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைகளில்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் ஓர் ஆணும் இருந்தார், செக்கரியா. வானதூதரை நம்பாததால் பேச்சிழந்து இருந்தார். இன்று நம் வீடுகளில் நன்றாகப் பேசக்கூடிய ஆண்கள், பேச வேண்டிய இடத்தில் மட்டும் ஊமையாகிவிடுகிறார்கள். தம்மால்தான் நோய் வந்தது என்று தெரிந்தும், பெற்ற தாய் மருமகளைத் தூற்றும்போது தலையைக் குனிந்து நிற்கிறார்கள். பரிசோதனைக்கு மனைவி மட்டும் போகிறார். மாத்திரை வாங்க மனைவி மட்டும் வரிசையில் நிற்கிறார். ஆண்களே, செக்கரியாவின் கதையை முடிவுவரை வாசியுங்கள். பிள்ளை பிறந்ததும் உற்றாரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து தாங்களே பெயர் வைக்கப் பார்த்தார்கள். எலிசபெத்து மறுத்து, யோவான் என்றுதான் பெயர் என்றார். அவர்கள் அவர் பேச்சைக் கேட்காமல் கணவரிடம் போனார்கள். செக்கரியா எழுதுபலகையை வாங்கி மனைவி சொன்ன அதே பெயரை எழுதினார். அப்போது அவர் நாவு அவிழ்ந்தது. உறவினர் அத்தனை பேர் முன்னிலையில் மனைவியின் சொல்லோடு நின்ற நேரத்தில்தான் அவருக்குப் பேச்சு திரும்பி வந்தது.

ஆகவே கணவன்மாரே, அடுத்த முறை நம்பிக்கை மையத்துக்கு நீங்களும் போங்கள். உங்கள் இரத்தத்தையும் கொடுங்கள். சேனை வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை எப்போது என்று உறவினர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

பங்கு மக்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் படியில் இளம் மனைவியரைக் கண்டதும் “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை இந்தத் திருவருகைக் காலத்தோடு நிறுத்திவிடுவோம். உடல்நலம் கருதிச் சற்றுக் காத்திருக்கும் தம்பதியர் உண்டு. பெற வேண்டாம் என்று கனத்த மனதோடு செபத்தில் முடிவு எடுத்தவர்கள் உண்டு. பெற்று இழந்தவர்கள் உண்டு. யாரும் நமக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. எலிசபெத்தை வீட்டுக்குள் அடைத்தது இதைப் போன்ற கேள்விகள்தான்.

இரண்டு, ஒருவருக்குத் தொற்று இருப்பது உங்களுக்குத் தெரிய வந்தால், அது உங்களோடு நிற்கட்டும். அன்பியக் கூட்டத்தில் செபக் கருத்து என்ற பெயரில்கூட அது வெளியே வரக் கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குப் புரிந்துவிடும். தொற்றுள்ள பெண்ணின் நிலையைக் கணவருக்குத் தெரிவித்தால் அவருக்கு அடி உதையோ வீட்டைவிட்டு வெளியேற்றமோ நேரும் என்று அஞ்ச இடமிருந்தால், மருத்துவர்கூட அதைத் தெரிவிக்கக் கூடாது என்கிறது நான் முன்பு சொன்ன சட்டம். நாம் எம்மாத்திரம்?

மூன்று, தொடுவதற்குப் பயப்படாதீர்கள். கைகொடுப்பதால், ஒரே தட்டில் உண்பதால், குழந்தையை மடியில் வைப்பதால், திருமுழுக்குத் தண்ணீரால் இது பரவாது. 1987-இல், உலகமே பயந்திருந்த காலத்தில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எய்ட்ஸ் நோயுற்ற ஒரு சிறுவனை அள்ளி அணைத்தார். 2005-இல் இந்திய ஆயர் பேரவை எச்.ஐ.வி. பற்றிய தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டு, இந்த மக்களுக்குப் பரிவும் பராமரிப்பும் தருவது திருச்சபையின் கடமை என்று நமக்கு நினைவூட்டியது. அந்தக் கடமை ஆயரோடும் அருள்சகோதரிகளின் மருத்துவமனையோடும் முடிந்துவிடுவதில்லை. மரியாயின் சேனையினர், வின்சென்ட் தே பவுல் சபையினர், நீங்கள் வீடு சந்திக்கப் போகிறவர்கள். காரணம் கேட்காமல் கூடப் போய் உட்கார்ந்திருக்க உங்களால் முடியும். ஒரு பெண் மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவருடைய மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

கடைசியாக, மறைந்திருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மகளே, சகோதரியே, உன்னிடம் பேசுகிறேன். உன் உடல் சாபம் அல்ல. தூய ஆவியார் குடியிருக்கும் கோயில் அது, தொற்று வந்தபின்னும் கோயில்தான். பிள்ளை வேண்டும் என்று நீ ஆசைப்படுவது பேராசை அல்ல. இப்போது வேண்டாம் என்று அஞ்சுவதும் அவிசுவாசம் அல்ல. இரண்டையும் மனம் திறந்து சொல்ல உனக்கு ஓர் இடம் இருக்கிறது. உன் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையத்தைக் கேள். போக முடியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குப் பேசு. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாயா? திட்டுவார்களோ என்று தயங்காதே. நாளைக்கே போய்த் திரும்பத் தொடங்கு. செபமும் செய், மருந்தும் எடு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று உனக்கு யாராவது சொன்னால், அவர் ஆண்டவரின் பெயரால் பேசவில்லை.

செபிப்போம்.

இரக்கமுள்ள தந்தையே, தாயின் வயிற்றில் எங்களை உருவாக்கியவரே, உம் திருமகனை ஒரு பெண்ணின் கருவறைக்கு அனுப்பியவரே, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் எங்கள் சகோதரிகளை உம் திருமுன் கொண்டுவருகிறோம். கருவுற்றிருக்கும் தாய்மாருக்குத் துணிவும், பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு நலமும் தாரும். காத்திருக்கும் தம்பதியருக்கு அமைதியும், பிள்ளையை இழந்தவர்களுக்கு ஆறுதலும் அருளும். பேசாமல் நிற்கும் கணவன்மாரின் நாவை அவிழ்த்துவிடும். அதிகம் பேசும் எங்கள் நாவுக்குக் காவல் வையும். மலைநாட்டுக்கு விரைந்து சென்ற அன்னை மரியாவைப் போல, மறைந்திருப்போரைத் தேடிச் சென்று வாழ்த்தும் மக்களாக எங்களை மாற்றும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.